மரவோட்டின் ஆயுள்: மரத்தின் குணமா, வேலையின் குணமா?

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் ரோமாபுரி ஆசிரியர், தாம் இயற்றிய இயற்கை வரலாற்றில், கூரை வேய்வதற்குரிய மரவோடுகளில் எம்மரத்தின் ஓடு நெடுநாள் நிற்கும் என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, ஓக் மரத்துக்கு முதலிடமும், அதன் இனத்தைச் சேர்ந்த பிற மரங்களுக்கும் பீச் மரத்துக்கும் இரண்டாம் இடமும் கொடுத்து, பிசின் சுரக்கும் மரங்கள் பிளப்பதற்கு மிக எளியனவேயாயினும் பைன் ஒன்று நீங்கலாக ஏனையவை விரைவில் அழிவன என்று தீர்ப்பும் கூறிச் சென்றார். பிர்ரஸ் மன்னனோடு நிகழ்ந்த யுத்தம் வரையில், அதாவது நகரம் தோன்றி 470 ஆண்டுகள் வரையில், ரோமாபுரியே மரவோடு வேய்ந்த நகரமாக இருந்தது என்று கொர்னேலியஸ் நேப்போஸ் கூறியிருப்பதையும் அவர் அவ்விடத்திலேயே குறித்துள்ளார்.

பத்தொன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்பு இத்தீர்ப்பைத் திரும்பிப் பார்க்கும்போது முதலில் கண்ணுக்குப் படுவது ஒரு விசித்திரம். இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விலைக்கு வரும் மரவோடுகளில் பெரும்பகுதி சீடர், லார்ச், பைன் முதலிய ஊசியிலை மரங்களிலிருந்தே பிறக்கிறது. பிளினி உயர்த்திவைத்த ஓக்கோ இங்கிலாந்தின் சில தேவாலயக் கோபுரங்களிலும் பழமையில் பற்றுள்ளோர் வீடுகளிலும் ஒதுங்கி நிற்கிறது. பிளினி பிழைபட்டார் என்று இதனால் முடிவுகட்டுவது அவசரமாகும். ஒரே வினாவைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தேசத்தாரும் ஒவ்வொரு காலத்தாரும் வெவ்வேறு வினாக்களைக் கேட்டுவந்துள்ளனர் என்பதும், அவர்களுடைய விடைகள் முரண்படுவதற்குப் பாதிக் காரணம் அதுவே என்பதும், அவற்றை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் புலனாகும்.

நம் நாட்டுக் கூரை மண்ணோட்டையும் பனையோலையையும் தென்னங்கீற்றையும் அறிந்த அளவுக்கு மரவோட்டை அறியாது; ஆதலால் பொருளை முதலில் விளக்கிவிடுதல் நலம். மரவோடு என்பது ஒரு முனையில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனமும் மறுமுனையில் கத்தி அலகைப்போல் மெலிவும் உடையதாக, 16 முதல் 24 அங்குல நீளத்தில் ஆக்கிய சிறு பலகை. கனத்த முனை கீழ்நோக்க, மெலிந்த முனை மேல் வரிசைகளுக்கு அடியில் மறைய, இறவாரத்திலிருந்து முகடு வரையில் வரிசை வரிசையாக இதை அடுக்குவார்கள். 16 அங்குல ஓட்டில் 5 அங்குலம் மட்டுமே வெயிலைக் காணும். எஞ்சிய 11 அங்குலமும் மறைவிலேயே இருக்கும். எனவே கூரையின் எந்த இடத்தில் விரல் வைத்தாலும் அதன் கீழே மூன்று ஓடுகள் இருக்கும். ஒரு கூரையின் ஆயுள் என்று பேசும்போது, வெயிலையும் மழையையும் நேரே ஏற்கும் அந்த 5 அங்குலத்தின் கதையும், இருட்டில் ஈரம் கோத்து நிற்கக்கூடிய 11 அங்குலத்தின் கதையும் ஒன்றல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வைரமே பிரமாணம் என்பார்

மிகப் பழையதும் இன்றளவும் மிகப் பரவியதுமான கொள்கை, ஆயுள் என்பது மரத்தின் ஜாதியையும் அதன் வைரத்தையும் பொறுத்தது என்பதே. உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உடைய பனை மூங்கில் முதலியவற்றைப் புல் என்றும் பிரித்த தொல்காப்பியர், தாவரத்தின் உறுதி எங்கே குடியிருக்கிறது என்பதையே பாகுபாட்டுக்கு அடிப்படையாகக் கொண்டார். நம் தச்சர்களும் வைரம் பாய்ந்த மரம் என்று சொல்லும்போது நிறத்தையன்று, நம்பிக்கையையே குறிக்கிறார்கள். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி எந்த ஜாதி மரமாயினும் விரைவில் உளுத்துப்போகும் என்பதில் எக்கட்சியாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இக்கொள்கைக்கு ரசாயன சாஸ்திரம் இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஆதாரம் தேடிக்கொடுத்தது. தைவான் நாட்டு ஹினோக்கி மரத்தின் எண்ணெயிலிருந்து டெட்சுவோ நொசோயே என்பவர் 1936-இல் பிரித்தெடுத்த ஒரு பொருளும், அமெரிக்க மேற்குக் கரையின் செஞ்சீடர் வைரத்திலிருந்து ஸ்வீடனில் ஆராய்ந்த எர்ட்மன், கிரிப்பென்பெர்க் என்னும் இருவர் 1948-இல் கண்டறிந்து வெளியிட்ட துஜாப்ளிசின் என்னும் பொருள்களும் ஒரே குடும்பத்தவை. பூஞ்சணத்தைக் கொல்லும் இயல்புடையவை. மரம் உயிரோடிருக்கையில் தன் உட்பகுதியில் தானே ஏற்றிவைக்கும் இவ்விஷமே, அது பலகையான பின்னும் காவலாக நிற்கிறது என்பது அப்பொழுது தெளிவாயிற்று. ஐரோப்பியத் தர நிர்ணயம் மரங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்துத் தேக்கை முதல் வகுப்பிலும், ஓக்கையும் செஸ்ட்நட்டையும் வட அமெரிக்கச் செஞ்சீடரையும் இரண்டாம் வகுப்பிலும், பீச்சை ஐந்தாம் வகுப்பிலும் வைத்திருக்கிறது. பிளினி இரண்டாம் இடம் கொடுத்த பீச் இங்கே கடைசிக்குப் போய்விட்டதைக் கவனிக்கலாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் முறையில் வளர்ந்த நம் நாட்டுப் பாகுபாடோ, மண்ணில் நட்ட மரத்துண்டு 120 மாதத்துக்கு மேல் நின்றால் முதல் வகுப்பு, 60 மாதத்துக்கும் குறைந்தால் மூன்றாம் வகுப்பு என்று கணக்குப் போடுகிறது. வரிசை வரிசையாகத் துண்டுகள் நட்டிருக்கும் அந்நிலத்தை ஆங்கிலேயர் இடுகாடு என்றே பெயரிட்டு அழைத்தனர், பெயர் பொருத்தமானதே.

இக்கட்சியின் பக்கம் நிற்கும் சாட்சிகள் பல. மணாலியில் 1553-இல் எழுந்த ஹிடிம்பா கோயிலின் மூன்றடுக்குக் கூரையைத் தேவதாருப் பலகைகளே மூடியிருக்கின்றன. போர்னியோவில் பெலியான் என்றும் உலின் என்றும் பெயர் பெற்ற இரும்பு மரத்தைப் பிளந்து செய்யும் ஓட்டை மலாய்க்காரர் சிராப் என்பர். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனத்த அம்மரம் பூமத்திய ரேகையின் மழையையும் கறையானையும் ஒருங்கே தாங்குவது. சிலி தேசத்தின் தென்கோடியில் சீலோவே தீவார் தங்கள் வீட்டுச் சுவர்களையும் தேவாலயங்களையும் அலெர்சே மரத்தின் ஓடுகளால் போர்த்தினர். அவ்வோடு அங்கே ஒரு காலத்தில் நாணயம்போலவே கைமாறியது.

ஆயினும் இவ்வாதத்தின் அஸ்திவாரத்தில் மூன்று விரிசல்கள் உண்டு. முதலாவது, வகுப்பு நிர்ணயிக்கும் பரீட்சை மண்ணில் நட்ட கட்டையின்மேல் நடப்பது. கூரையோ மண்ணைத் தொடுவதேயில்லை. ஈரமும் கிருமியும் இடைவிடாது சூழ்ந்த கட்டைக்கும், மழை நின்ற சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும் மெல்லிய பலகைக்கும் ஒரே அளவுகோல் வைப்பது, மீனையும் பறவையையும் நீச்சலில் பரீட்சிப்பதுபோல் ஆகும். இரண்டாவது, காவல் காக்கும் அந்த விஷங்களில் பல நீரில் கரையக்கூடியவை. நூறாண்டு மழையில் அவை மேற்பரப்பிலிருந்து கழுவப்பட்டே தீரும். மூன்றாவதே மிகவும் முக்கியமானது: வகுப்பு என்பது ஜாதிக்கு உரியதேயன்றி, கையில் இருக்கும் பலகைக்கு உரியதன்று. அதே செஞ்சீடர் பிரிட்டனில் பயிரானபோது மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்கத் தென்மாகாணங்களின் சதுப்புநில சைப்ரஸ் மரத்தில், முதிர்ந்த ஆதிக்காட்டு மரத்தை அழுகலை நன்கு எதிர்ப்பது என்றும், வெட்டிய காட்டில் மறுபடி முளைத்த மரத்தை நடுத்தரமானது என்றும் மாடிசன் நகர வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலையின் கையேடு வேறு பிரித்துச் சொல்கிறது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

இக்கட்சியார் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சான்றையும் இவ்விடத்தில் ஆராய்வது தகும். நியூ ஜெர்சியின் சதுப்புகளுக்குள் நெடுங்காலம் புதையுண்டு கிடந்த வெண்சீடர் அடிமரங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் கனிமம் தோண்டுவதுபோல் தோண்டியெடுத்து, பிளந்து ஓடாக்கி விற்றார்கள். இத்தனை காலம் சேற்றில் கிடந்தும் அழியாத மரமன்றோ என்று வியப்பது இயல்பே. ஆனால் காற்றுப் புகாத சேற்றில் பூஞ்சணம் உயிர்வாழாது. வெனிஸ் நகரத்தின் அடியில் முளைகளாக நிற்பவற்றுள் ஐந்தாம் வகுப்பைச் சேர்ந்த ஆல்டர் மரமும் உண்டு. ஆகவே சதுப்பு காட்டிய அற்புதம் சீடரின் பெருமையை நிரூபிப்பதைவிட, அழுகலுக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும் என்பதையே நிரூபிக்கிறது.

நீரின் போக்கே பிரமாணம் என்பார்

இரண்டாம் கட்சிக்கு நூலாசிரியர்கள் குறைவு. அதன் சித்தாந்தம் கைவேலைக்காரர்களின் கையிலேயே வாழ்ந்துவந்தது. மரம் எதுவாயினும், அதன்மேல் விழுந்த நீர் எவ்வளவு விரைவில் விலகுகிறது, எஞ்சிய ஈரம் எவ்வளவு விரைவில் உலர்கிறது என்பவையே ஆயுளை நிர்ணயிக்கின்றன என்பது இவர்கள் துணிபு. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் வரையில் பூஞ்சணம் தன் தொழிலைத் தொடங்குவதில்லை. ஏறத்தாழ 30 சதவீதத்தில் நார்களின் சுவர் நனைந்து நிரம்பிய பிறகே அழுகல் வேகமெடுக்கிறது. எனவே 20-க்குக் கீழே நாட்களைக் கழிக்கும் தாழ்ந்த ஜாதி மரம், 30-இல் ஊறிக்கிடக்கும் உயர்ந்த ஜாதி மரத்தைவிட நீடிக்கலாம்.

இவர்களுக்குக் கிடைத்த மகத்தான சாட்சி ரஷ்யாவின் வடக்கே ஒனேகா ஏரியின் கிஷித் தீவில் இருக்கிறது. 1714-இல் எழுந்த அங்குள்ள மரத் தேவாலயத்தின் 22 கும்மட்டங்களை மீன் செதிள்போல் மூடியிருக்கும் ஏறத்தாழ 30,000 ஓடுகளும் ஆஸ்பென் மரத்தைக் கோடரியால் செதுக்கிச் செய்தவை. ஆஸ்பெனோ வகுப்புப் பட்டியலில் கடைசியில் கிடப்பது. மண்ணில் நட்டால் சில ஆண்டுகளில் மக்கிவிடும். பைன் காடு சூழ்ந்த தேசத்தில் இருந்த தச்சர்கள் அறியாமையால் இதைத் தேர்ந்தார்கள் என்று எண்ண இடமில்லை. இளகிய மரமாதலால் வளைந்த பரப்புக்கு ஏற்பச் செதுக்க முடிகிறது. எளிதில் பிளந்து முறுக்குவதில்லை. நனைந்தால் விரைவில் உலர்கிறது. வெயில்பட வெள்ளிபோல் வெளுக்கிறது. கும்மட்டத்தின் பரப்போ பெரும்பாலும் செங்குத்து. நீர் தங்க அங்கே இடமில்லை. அவ்வோடுகள் 1714 முதல் அசையாது இருந்து வருவன அல்ல, பன்முறை மாற்றப்பட்டவை என்பதை இக்கட்சியார் சிலர் சொல்லாமல் விடுகின்றனர். ஆயினும் தேர்வு தவறாகியிருந்தால் அதே மரத்துக்கே மீண்டும் திரும்பி வந்திருக்கமாட்டார்கள்.

ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து ஜெர்மானியக் கூரைவேலைக்காரர்களிடம் ஒரு வாய்க்கணக்கு வழங்குகிறது: கூரையின் வாட்டம் எத்தனை பாகையோ, ஓட்டின் ஆயுள் அத்தனை ஆண்டு. முப்பது பாகை வாட்டமுள்ள கூரைக்கு முப்பது ஆண்டு, அறுபதுக்கு அறுபது, சுவருக்கோ தொண்ணூறு. இதைச் சாஸ்திர விதியாகக் கொள்ளுதல் தகாது, மரத்தின் பெயரே இக்கணக்கில் வரவில்லை என்பதே அதன் குறை. ஆனால் அக்குறையே அதன் கருத்துமாகும்: வாட்டத்தை அறிந்தால் பாதி அறிந்தாயிற்று என்று அவர்கள் நினைத்தார்கள்.

வாட்டத்துக்கு அடுத்தபடி பலகை பிறந்த விதம். அடிமரத்தின் குறுக்குவெட்டில் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, சக்கரத்தின் ஆரம்போலப் பிளந்த பலகையில் ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அப்பலகை நனைந்து காய்ந்தாலும் அகலத்தில் சிறிதளவே விரிந்து சுருங்கும். வளையங்களுக்குப் பக்கவாட்டில் அறுத்த பலகையோ, அழகிய மலைரேகைகளைக் காட்டினாலும், சில பருவங்களில் ஓரங்கள் தூக்கிக் கிண்ணம்போல் வளைந்து, நடுவில் விரிந்துவிடும். வட அமெரிக்காவில் முதல் தரம் என்று முத்திரை பெறும் சீடரோடு முழுதும் வைரமாயும், முடிச்சற்றதாயும், ஆரப்போக்கில் அமைந்ததாயும் இருக்கவேண்டும் என்னும் நிபந்தனை இதனாலேயே ஏற்பட்டது. மூன்றில் இரண்டு நிபந்தனைகள் மரத்தின் ஜாதியைப் பற்றியனவே அல்ல.

பிளப்பதா, அறுப்பதா என்பது இதனுள் அடங்கிய மற்றொரு வழக்கு. பிளக்கும் அலகு நாரின் போக்கை விட்டு விலகாது. ரம்பமோ நாரை வெட்டிக்கொண்டு நேர்கோட்டில் போகும். நறுக்குண்ட ஒவ்வொரு நாரும் நீரை உறிஞ்சும் ஒரு குழாய்வாய் ஆகிறது என்பது பிளப்போர் வாதம். ஆரப்போக்கில் நேரான நாருள்ள மரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே என்பது அறுப்போர் மறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இயந்திர ரம்பம் பரவிய பிறகே இவ்வழக்குப் பிறந்தது. அதற்கு முன்னர் அமெரிக்கக் குடியேற்றத்தார் பிளந்த ஓட்டை அப்படியே ஏற்றியதில்லை, இருகைப் பிடியுள்ள கத்தியால் வழுவழுப்பாகச் செதுக்கிய பின்பே ஏற்றினர். இன்று பழமையின் தோற்றம் வேண்டிக் கரடுமுரடான தடித்த பிளவோடுகளை ஏற்றுவோர், தாம் பின்பற்றுவதாக எண்ணும் பழமையை உண்மையில் பின்பற்றவில்லை. 1989-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பழைய மரக்கூரைகளைப் பழுதுபார்ப்பது பற்றி வெளியிட்ட குறிப்பேடு இதை எடுத்துச் சொல்லியிருக்கிறது.

ஓர் ஓட்டை அண்மையில் நின்று பார்த்தால் இக்கட்சியின் பலம் விளங்கும். பக்கத்து ஓட்டுக்கும் அதற்கும் இடையே கால் அங்குலம் அல்லது அதற்குச் சற்று மிகுந்த சந்து மட்டும் விடவேண்டும். விடாவிட்டால் முதல் மழையில் உப்பி ஒன்றையொன்று தூக்கும். மேல்வரிசைச் சந்து கீழ்வரிசைச் சந்துக்கு ஒன்றரை அங்குலமேனும் விலகி நிற்கவேண்டும். ஒரே கோட்டில் வந்தால் நீருக்கு வாய்க்கால் வெட்டியது போலாகும். ஓட்டுக்கு இரண்டே ஆணி: ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, மேல்வரிசையின் அடிவிளிம்பு வந்து மறைக்கும் கோட்டுக்கு ஓரங்குலம் மேலே. மூன்றாம் ஆணி அடித்தால் இருபக்கமும் கட்டுண்ட பலகை சுருங்கும்போது நடுவில் பிளக்கும். ஆணியோ நாகமுலாம் நன்கு ஏறியதாக, அல்லது துருப்பிடியா எஃகாக, அல்லது செம்பாக இருக்கவேண்டும். ஓக்கிலும் சீடரிலும் உள்ள துவர்ப்புச் சத்து சாதாரண இரும்போடு சேர்ந்தால், கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதுபோலக் கரிய கறை ஒழுகும், ஆணியும் அரித்துப்போகும். ஓடு நல்லபடி இருக்க ஆணி இற்றுக் கழன்று விழுந்த கூரைகளில் மரத்தின் வகுப்பு யாருக்கும் பயன்படுவதில்லை.

இக்கட்சிக்கும் பலவீனம் இல்லாமலில்லை. இன்று நாம் காணும் பழங்கூரைகள் பிழைத்தவை. அதே வாட்டத்தோடும் அதே கைத்திறத்தோடும் செய்து அழிந்தவற்றின் கணக்கு நம்மிடம் இல்லை. மேலும் பழைய வீட்டில் ஓடு ரீப்பர்மேல் இடைவெளிவிட்டு நின்றது. கீழே காற்றோட்டமுள்ள பரண் இருந்தது. ஓட்டின் அடிப்பக்கமும் உலர்ந்தது. இக்காலத்து வீட்டில் முழுப்பலகையும் அதன்மேல் நீர்புகாத் தாளும் விரித்து, அதனோடு ஒட்டியே ஓட்டை அடிக்கும் வழக்கம் பரவிவிட்டது. அடிமுகம் மூச்சுவிட வழியில்லாத அந்நிலையில், செங்குத்து வாட்டமும் ஆரப்போக்கும் தாமே காத்துவிடும் என்று சொல்வது மிகையாகும். ஓட்டுக்கும் பலகைக்கும் இடையே சட்டமிட்டோ வலையிட்டோ காற்றுக்கு வழிசெய்ய வேண்டும் என்று இப்போது பலரும் வற்புறுத்துவது, பழைய பரணை வேறு பெயரில் திரும்ப அழைப்பதே.

மருந்திடுவோர்

இயற்கை கொடுக்காத காவலை மனிதன் கொடுக்கலாம் என்பது மூன்றாம் நிலை. நார்வேயில் இன்று எஞ்சியுள்ள 28 மரத்தூண் தேவாலயங்கள் பைன் மரத்தின் வேரையும் கட்டையையும் சூளையிட்டு வடித்த தாரைச் சில ஆண்டுக்கொருமுறை பூசிப் பூசியே காக்கப்பட்டு வருகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த போர்குண்ட் தேவாலயத்தின் கருமை அந்தத் தாரின் கருமையே. தாருக்கு முன்பே மருந்து மரத்திலேயே ஏறட்டும் என்று, நிற்கும் பைன் மரத்தின் உச்சியைக் கழித்துச் சில ஆண்டு பிசினேறவிட்டு வெட்டும் வழக்கமும் அங்கே இருந்ததாகச் சொல்லுகின்றனர். வெட்டும் காலம் பற்றிய நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தது: இலையுதிர்காலம் முதல் வசந்தக்காற்று வீசுமுன் வெட்டவேண்டும் என்றார் ரோமாபுரியின் விட்ருவியஸ், ஆல்ப்ஸ் மலையார் தேய்பிறை பார்த்தனர், நம்மூரிலும் மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பர். பருவத்தைப் பொறுத்து மரத்திலுள்ள மாச்சத்து மாறுவதால் காலத்துக்கு ஏதோ நியாயம் உண்டு. சந்திரனுக்கு அவ்வளவு திடமான நியாயம் இதுவரை ருசுவாகவில்லை.

நவீன மருந்துகளில் உலகெங்கும் பரவியது நம் தேசத்தில் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. டேராடூனில் ஆராய்ச்சி செய்த சொந்தி காமேசம் என்பவர் 1933-இல் தாமிரம், குரோமியம், பாஷாணம் ஆகிய மூன்றின் உப்புகளைச் சேர்த்துக் கண்ட கலவை, நீரில் கரைந்து மரத்துக்குள் சென்ற பின் நாரைப் பற்றிக்கொண்டு மீண்டும் கரையாததாகிவிடும். இயற்கை விஷம் மழையில் கழுவப்படுவது எந்தக் குறையோ அதற்கே இது பரிகாரம். இதனால் தாழ்ந்த வகுப்புப் பைன் மரமும் ஓடாக முடிந்தது. ஆனால் பாஷாணம் பாஷாணமே. அமெரிக்காவில் 2003 இறுதியோடு இக்கலவை பெரும்பாலான வீட்டுவேலைகளிலிருந்து விலக்கப்பட்டது. இதற்குள் ஒரு முரணும் கிடக்கிறது: மருந்து ஏறுவது வெள்ளைப் பகுதியில், வைரம் அதை எளிதில் ஏற்காது. எனவே மருந்திடும் கட்சிக்கு நல்ல மரம் என்பது, முதற்கட்சி தள்ளிவைக்கும் மரமாகிறது.

விஷமே வேண்டாம், மரத்தின் ஸ்வபாவத்தையே மாற்றுவோம் என்பது இதன் புதிய கிளை. அசிட்டிக் வகை ரசாயனத்தால் மரத்தின் நீர்வேட்கையைத் தணிக்கும் முறையை மாடிசன் ஆராய்ச்சிச்சாலையார் 1946-லேயே காட்டினர். நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 2007 முதல் அக்கோயா என்னும் பெயரில் அது வியாபாரப் பொருளாயிற்று. உயர்ந்த உஷ்ணத்தில் வாட்டிய மரமும் உண்டு. அது அழுகலுக்கு இளைப்பதில்லை, ஆனால் நொறுங்கும் தன்மை கூடிவிடுவதால் மெல்லிய ஓட்டுக்கு எவ்வளவு ஏற்கும் என்பது ஐயத்துக்குரியது.

புதுப்பித்தலே ஆயுள் என்பார்

நீடிக்கும் ஓடு வேண்டும் என்னும் ஆசையையே கேள்விக்குள்ளாக்கும் மரபுகளும் உண்டு. ஜப்பானியரின் கொக்கேரா வேய்தலில் சவாரா மரத்தின் பலகை 3 மில்லிமீட்டருக்கும் மிகாது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் மட்டுமே வெளியே தெரிய, நெருக்கி நெருக்கி அடுக்கி மூங்கில் ஆணியால் அறைகிறார்கள். கைகள் இரண்டும் ஓய்வின்றி இயங்க, வேலைக்காரன் ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு நாவால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தருவான். கியோத்தோவின் கிங்காக்கு மாளிகைக்கும் கட்சுரா அரண்மனைக்கும் இத்தகைய கூரையே. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு ஒருமுறை அது மாற்றப்படுவதால், மாற்றத் தெரிந்த கையும் ஒவ்வொரு தலைமுறையிலும் பயிராகிறது. 2020-இல் யுனெஸ்கோ ஜப்பானிய மரக்கட்டடக் கலைகளைத் தன் பட்டியலில் சேர்த்தபோது கட்டடங்களையன்று, அக்கைத்திறங்களையே சேர்த்தது.

ஆல்ப்ஸ் மலையில் ஆணியே அடிக்காமல் பரப்பிக் கல்லேற்றிய கூரைகளில், சில ஆண்டுக்கொருமுறை ஓட்டையெல்லாம் கழற்றி மறுபுறம் திருப்பி அடுக்குவர். மட்கியதை மட்டும் கழிப்பர். பூட்டானிலும் கல்லேற்றிய பலகைக் கூரையைத் திருப்பிப் போட்டுவந்தார்கள். அங்கே காடு குறைவதைக் கண்ட அரசாங்கம் தகரத்துக்கு ஆதரவளிக்கத் தொடங்கியது என்பது இக்கட்சியின் பலவீனத்தைக் காட்டுவது: அடிக்கடி மாற்றுவது கூலி மலிவாகவும் காடு தாராளமாகவும் இருக்கும் இடத்துக்கே இயலும்.

நெருப்பு

பூஞ்சணத்தைப் பற்றிய விவாதம் எவ்வளவு நுட்பமானதாயினும், பல நகரங்களில் மரவோட்டின் விதியைத் தீர்த்தது அதுவன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1923 செப்டம்பர் 17-இல் 584 கட்டடங்களும், லாஸ் ஏஞ்சலஸின் பெல் ஏர் பகுதியில் 1961 நவம்பர் 6-இல் 484 வீடுகளும் எரிந்தபோது, பற்றிய ஓடுகளே காற்றில் எழுந்து பறந்து அடுத்த தெருக்கூரைக்குக் கொள்ளியாயின. தீத்தடுப்பு உப்பை அழுத்தத்தால் ஏற்றிய ஓடுகள் இப்போது கிடைக்கின்றன. தீத்தடுப்பில் உயர்ந்த தரமான முதல் வகுப்பைப் பெற அவற்றின் அடியில் தீத்தாங்கும் விரிப்பும் வேண்டும். உலர்ந்து நிற்பதே ஓட்டின் ஆயுளுக்கு நன்மை என்று மேலே கண்டோம். அந்த உலர்ச்சியே நெருப்புக்கு விருந்து என்பது இப்பொருளில் ஒழிக்கமுடியாத முரண்பாடு. கோடையில் காட்டுத்தீ வரும் சீமையில் இருப்பவன் மேற்கூறிய எக்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டியதில்லை. கூரைக்கு வேறு பொருளைத் தேடுவதே விவேகம்.

சுவருக்கு வேறு நியாயம்

சுவரில் நீர் நிற்பதில்லை. எனவே ஓட்டின் வெளித்தெரியும் பாகத்தைக் கூட்டலாம், இரண்டே அடுக்கு போதும், தாழ்ந்த தரமும் செல்லும். கேப் காட், நன்டக்கெட் முதலிய அமெரிக்கக் கடற்கரைகளில் வெண்சீடரைப் பூச்சொன்றுமின்றிச் சுவரில் அடித்து, உப்புக்காற்றில் சாம்பல் நிறம் ஏற விட்டுவிடுவர். சூரியகிரணத்தால் ஊசியிலை மரத்தின் மேற்பரப்பு நூறாண்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அளவே தேய்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 10 மில்லிமீட்டர் ஓட்டுக்கு இது சுவரில் பயப்படத்தக்க நஷ்டமன்று. சுவரோட்டின் பகைவர் வேறு: நிலத்திலிருந்து தெறிக்கும் மழைத்துளி, ஒட்டி வளர்ந்த செடி, ஜன்னலின் மேல்விளிம்பு. இங்கிலாந்தில் சீடர் வேய்ந்த தேவாலயக் கோபுரங்களில் மரங்கொத்தி துளைபோட்டுக் குடிபுகுவதும் உண்டு. எந்த வகுப்புப் பட்டியலும் அப்பறவையைக் கணக்கிலெடுக்கவில்லை.

தீராதவை

இக்கொள்கைகளைச் சேர்த்து நோக்கும்போது, முதலிரண்டு கட்சிகளும் எதிரிகள் அல்ல என்றே தோன்றுகிறது. வாட்டமும் காற்றோட்டமும் ஆரப்போக்கும் ஆணியும் சரியாக அமைந்த பிறகே வைரத்தின் தாரதம்மியம் வெளிப்படும். அவை தவறிய கூரையில் தேவதாருவும் ஆஸ்பெனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கெட்டுப்போகும். எனவே எந்த மரம் என்று முதலில் கேட்பது முறை மாறிய கேள்வி என்பது எமது அபிப்பிராயம். வாட்டம் குறைந்த கூரையும், மரநிழலும், நீங்காத பாசியும் உள்ள இடத்தில் மட்டும் வைரத்தின் வாதம் தனியே நின்று வெல்லும். பெலியான் அத்தகைய இடத்துக்கே உரியது.

ஆனால் அந்த வெற்றியின் விலை இப்போது தெரியவந்துள்ளது. 3,600 ஆண்டுக்கு மேல் வாழ்ந்த அலெர்சே மரம் ஒன்றின் வளையங்களை எண்ணியிருக்கிறார்கள். 1976 முதல் அம்மரத்தை உயிரோடு வெட்டுவது சிலியில் குற்றம். உலின் மரமும் அருகிவருவனவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆயுள் மிகுந்த ஓட்டைக் கொடுத்த மரங்களெல்லாம் மெல்ல வளர்ந்து முதிர்ந்தவை. இனிக் கிடைக்கப்போவது நட்டு வளர்த்த இளமரம். அவ்விளமரத்து வைரத்தில் விஷச்சத்து மரத்துக்கு மரம் பெரிதும் மாறுபடுகிறது. ஒரே மரத்திலும் மையத்துக்கு அருகில் குறைந்தும் விளிம்பில் மிகுந்தும் காணப்படுகிறது. இதிலிருந்து பிறந்த ஓடு பாட்டன் கூரையின் ஆயுளைத் தருமா என்னும் வினாவுக்கு, மண்ணில் நட்ட கட்டைகளின் அட்டவணை விடை சொல்லாது. பழங்கூரைகளும் விடை சொல்லமாட்டா, அவை வேறு மரத்தாலானவை. வெவ்வேறு வாட்டத்தில், அடியில் காற்றுள்ளதும் இல்லாததுமாக, இளமரத்து ஓடுகளை வேய்ந்து பல பத்தாண்டுகள் குறிப்பெடுத்தாலன்றி இது தெளிவாகாது. இதற்கிடையில் வாங்குகிறவன் செய்யக்கூடியது, கட்டைப் பிரித்து ஓட்டின் கனத்த முனையைத் திருப்பிப் பார்த்து, வளையங்கள் நெருக்கமாயும் நிமிர்ந்தும் நிற்கின்றனவா, ஓரத்தில் வெள்ளை தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்தெடுப்பதே.